ஏரிக்கரையும் காப்பீட்டுக் கட்டணமும்

புரட்டாசி மாதத்தின் தொடக்கம். மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மானாம்பதியைச் சேர்ந்த அன்பர் ஒருவர், கையில் ஒரு கடிதத்துடன் வந்து நின்றார். சிறிய மளிகைக் கடையும், வங்கிக் கடனில் கட்டிய வீடும் உடையவர். வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்குமாறு வந்திருந்த அறிவிப்புதான் அக்கடிதம்.

“சாமி, ஒரு சந்தேகம். முந்தைய ஆண்டுக் கோடையில் நாங்கள் தெருக்காரர்கள் கூடி, ஏரியின் உபரிநீர் போகும் கால்வாயில் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் முள்ளையெல்லாம் வெட்டி எறிந்தோம். மண்ணையும் வாரினோம். அந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஆனால் காப்பீட்டுக்குக் கேட்கிற பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் காணோம். நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?”

அன்று நம்மிடம் விடை இல்லை. “விசாரித்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம். அவர் போன பின்பும் அக்கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. விசாரித்து அறிந்தவற்றை அவருக்கு மட்டுமன்றி, மழைக்காலத்தை அச்சத்தோடு எதிர்நோக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் சொல்ல விழைந்தே இதனை எழுதுகிறோம்.

கட்டணம் எதற்கு விலை?

பிரிமியம் என்று நாம் வழங்கும் காப்பீட்டுக் கட்டணம் அச்சத்திற்கு இடப்படும் விலை அன்று. ஆபத்திற்கு இடப்படும் விலை. ஓர் ஊரில் நூறு வீடுகள் உள்ளன என்று கொள்வோம். ஆண்டுக்கு ஒரு வீடு வெள்ளத்தில் சேதமுற்று, அதைச் செப்பனிட இரண்டு இலட்சம் ரூபாய் ஆகிறது. நூறு குடும்பங்களும் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டு வைத்தால், எவர் வீடு விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கலாம். நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுதுகிறோமே, அதன் தத்துவமும் ஏறத்தாழ இதுவே. இன்று நாம் தாங்குகிறோம். நாளை நம்மைத் தாங்குவார்கள். நிறுவனத்தின் செலவையும் ஆதாயத்தையும் இதனோடு சேர்த்தால் அதுவே காப்பீட்டுக் கட்டணம்.

இப்பொழுது அவ்வூரார் கால்வாயைத் தூர்த்துக்கொள்ளாமல் காத்து, கரையைப் பலப்படுத்தி, இரண்டு ஆண்டுக்கு ஒரு வீடே சேதமுறும் நிலையை உண்டாக்கினார்கள் எனின், நியாயப்படி ஒவ்வொருவரும் செலுத்த வேண்டியது ஆயிரம் ரூபாயே. ஆபத்து பாதியானால் விலையும் பாதியாதல் வேண்டும். நம் அன்பர் கேட்ட நீதி இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தீ விபத்தைத் தடுக்க ஒருவர் தம் வீட்டளவில் ஏதேனும் செய்யலாம்; திருடனுக்கு அஞ்சினால் நல்ல பூட்டு வாங்கலாம். வெள்ளமோ ஒருவர் வாசலில் பிறப்பதில்லை. பத்து ஊரில் பெய்த மழை திரண்டு பதினோராவது ஊரின் வாசலுக்கு வருகிறது. தம் வீட்டின் அடித்தளத்தை உயர்த்துவதற்கு மேல் தனி மனிதன் செய்யக்கூடியது சொற்பம். வெள்ளத்தைக் குறைக்க வல்லது ஊர். கட்டணம் செலுத்துவதோ தனிக் குடும்பம். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் எங்கேனும் உண்டா?

கடல் கடந்த ஓர் ஏற்பாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. வெள்ளச் சேதத்திற்குக் காப்பீடு தரத் தனியார் நிறுவனங்கள் தயங்கியமையால், அந்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தானே தொடங்கிற்று. 1990இல் அதனோடு மற்றொரு திட்டத்தைச் சேர்த்தது. ஊர்களுக்குத் தரம் வழங்கும் திட்டம் என்று அதனைச் சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இடுவது போல ஊர்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். பத்து வகுப்புகள் உண்டு. எதுவும் செய்யாத ஊர் பத்தாம் வகுப்பில் நிற்கும்; அதற்குச் சலுகை இல்லை. ஐந்நூறு மதிப்பெண் சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்பு. அவ்வூரில் காப்பீடு செய்தோர் அனைவருக்கும் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு தள்ளுபடி. ஒவ்வொரு படி ஏறும்போதும் இன்னும் ஐந்து பங்கு. முதல் வகுப்பை எட்டிய ஊரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு வரை கட்டணம் குறைகிறது. நூறு டாலர் செலுத்த வேண்டியவர் ஐம்பத்தைந்து டாலர் செலுத்தினால் போதும்.

எந்த வேலைகளுக்கு மதிப்பெண்? பத்தொன்பது பணிகளை நான்கு பிரிவாக வகுத்திருக்கிறார்கள். முதலாவது, மக்களுக்கு அறிவுறுத்தல்: தாழ்ந்த பகுதியில் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் தகவல் அனுப்புதல், மனை வாங்க வருவோருக்கு அங்கே வெள்ளம் வருமா என்பதை மறைக்காமல் சொல்லுதல். இரண்டாவது, வரைபடமும் கட்டட விதிகளும்: வெள்ளம் பரவும் நிலத்தைக் கட்டடமின்றித் திறந்த வெளியாகவே விட்டுவைத்தல், வீட்டின் தரைமட்டத்தை உயர்த்தச் செய்தல். மூன்றாவது, சேதத்தைக் குறைத்தல்: வடிகால்களை ஒழுங்காகத் துப்புரவு செய்தல், மீண்டும் மீண்டும் மூழ்கும் வீடுகளை விலைக்கு வாங்கி அகற்றுதல். நான்காவது, முன்னெச்சரிக்கை: வெள்ளம் வருமுன் மக்களுக்கு அறிவித்து வெளியேற்றும் ஏற்பாடு.

கலிபோர்னியாவிலுள்ள ரோஸ்வில் என்னும் நகர் 1995இல் வெள்ளத்தால் வருந்தியது. அதன்பின் விழித்துக்கொண்டு உழைத்து, 2006இல் நாட்டிலேயே முதன்முதலாக முதல் வகுப்பை எட்டியது. ஓக்லகோமாவிலுள்ள டல்சா நகரின் கதை இன்னும் உருக்கமானது. 1984ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓர் இரவில் வந்த வெள்ளம் அங்கே பதினான்கு உயிர்களைக் கொண்டுபோயிற்று. நகராட்சி அதன்பின் வெள்ளப் பாதையில் இருந்த ஏறத்தாழ முந்நூறு வீடுகளை விலைக்கு வாங்கி அகற்றி, நீர் போகும் வழியை நீருக்கே விட்டது. பல்லாண்டு உழைப்புக்குப்பின் அந்நகரும் முதல் வகுப்பில் சேர்ந்தது. டல்சாவின் குடிமகன் இன்று குறைந்த கட்டணம் செலுத்துகிறான் எனின், அது அவன் பேரம் பேசிப் பெற்றதன்று; அவன் ஊர் சம்பாதித்துக் கொடுத்தது.

ஒரு முறை பெற்ற தரம் என்றென்றைக்கும் நிற்பதுமில்லை. செய்த வேலை தொடர்கிறது என்று ஊர் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கொரு முறை நேரில் வந்து சரிபார்ப்பார்கள். சோம்பிய ஊர் படியிறங்கும்.

நம் கல்லில் எழுதியிருப்பது

இவற்றைப் படித்தபோது, மானாம்பதிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகள் நம் நினைவுக்கு வந்தன. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் போற்றுகிறது. அத்தேர்தல் எதற்காக நடந்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் முப்பது பேரைத் தெரிந்தெடுத்து, பன்னிருவரை ஆட்டை வாரியத்திற்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்திற்கும், அறுவரை ஏரி வாரியத்திற்கும் அமர்த்தினார்கள். ஆம், ஏரியைக் கண்காணிப்பதற்கென்றே ஆறு பேர்! பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்.

அமெரிக்கர் 1990இல் கண்ட ஆண்டுத் தணிக்கையின் சாரம், ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நம் சுவரில் இருக்கிறது. பொறுப்பு ஊருடையது, அதற்கெனப் பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் உண்டு, ஆண்டு முடிவில் கணக்கு உண்டு.

அக்காலத்தை மிகைப்படப் புகழவும் நாம் விரும்பவில்லை. அது நிலமுடைய வேதியர்களின் சபை. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையிலோ வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடமுண்டு. முன்னோரிடமிருந்து ஏரி வாரியத்தின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, நம் காலத்தின் சமத்துவத்தை அதனோடு சேர்ப்பதே முறை.

அவ்வொழுங்கு பின்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் நீடித்தது. ஆங்கிலேயர் 1858இல் அதற்கொரு சட்டமே செய்தனர். ஆயினும் ஏரி அரசுடைமை என்ற எண்ணம் வலுக்க வலுக்க, ஊர்க்கை தளர்ந்தது. தமிழக அரசு 2016–17இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டமும் 2007 முதல் இருக்கிறது.

கை தளர்ந்ததன் விலையை 2015இல் கண்டோம். அந்த நவம்பர் மாதத்தில் சென்னையில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. டிசம்பர் முதல் நாளையொட்டிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் பல உடைந்தன. ஓர் ஏரியின் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி முன்னோர் தொடராக அமைத்த மாவட்டம் இது. மேலுள்ள ஏரி உடைந்தால் அதன் சுமை முழுவதும் கீழுள்ள ஏரியின் மேல் விழுகிறது. சென்னைப் பேரழிவை மனிதர் வரவழைத்த அழிவு என்றே இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் கூறிற்று. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்குக் காப்பீட்டுக் கோரிக்கைகள் எழுந்தன. அவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் வணிகர்களுக்கும் உரியது. சாதாரண வீட்டுக்காரரில் காப்பீடு செய்திருந்தோர் மிகச் சிலரே.

இங்கே நிலைமை என்ன?

நம் நாட்டில் வெள்ளத்திற்கெனத் தனிக் காப்பீடு வழக்கத்தில் இல்லை. வீட்டுக்குச் செய்யும் தீக்காப்பீட்டோடு புயலும் வெள்ளமும் சேர்ந்து வருகின்றன. 2021 ஏப்ரல் முதல், பாரத் கிருஹ ரக்ஷா என்னும் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆனால், ஊர் செய்த நற்பணிக்கு மதிப்பெண் இட்டு, அவ்வூரார் அனைவருக்கும் கட்டணத்தைக் குறைக்கும் முறை இங்கே இல்லை. நம் அன்பரின் கேள்விக்கு நேரான விடை இதுவே. அவருடைய உழைப்புக்கு மதிப்பில்லாமல் இல்லை. அதைக் கணக்கில் எழுத ஏடுதான் இல்லை.

பயிர்க் காப்பீட்டில் நிலைமை சற்று வேறு. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு நூற்றுக்கு இரண்டு, ராபி பருவத்துக்கு ஒன்றரை. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் ஏற்கின்றன. ஆகவே ஏரி பலப்பட்டாலும் விவசாயியின் பங்கு குறையாது. ஆபத்து குறைவதால் மிச்சமாவது அரசின் பணம். அதாவது நம் எல்லோருடைய பணம். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கையேனும் கரை காத்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்தல் நியாயமன்றோ?

இத்திட்டம் நமக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. நெல்லுக்கு இழப்பீட்டைக் கணக்கிடும்போது பொதுவாகத் தனி வயலைப் பார்ப்பதில்லை. ஊர் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு விளைச்சலை அளக்கிறார்கள். பயிருக்கு ஊரை ஓர் அலகாகக் கொள்ள இயலுமாயின், வீட்டுக்கும் இயலும். அதற்குப் புதிய அறிவு வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

நாம் தொடங்கக்கூடியவை

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணை சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிக்கு உரிய பொருள்களில் சேர்த்திருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஆகஸ்டு 15ஆம், அக்டோபர் 2ஆம் நாள்களில் கூடும் சபைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அமைவன.

முதலாவதாக, அச்சபையில் ஏரிக்கென ஐந்தாறு பேரை நியமிக்கக் கேட்கலாம். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், உபரிநீர்க் கால்வாய் ஆகிய ஐந்தையும் மழைக்கு முன் ஒரு முறை, மழையின்போது ஒரு முறை நடந்து பார்ப்பது அவர்கள் கடமை. தாங்களே செய்யக்கூடாத வேலையை நீர்வளத் துறைக்கோ ஒன்றியத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, ஓர் ஏடு வேண்டும். எந்த நாளில் எவ்வளவு மழை, கலங்கல் வழிந்தது என்று, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எந்தக் கால்வாய் எப்பொழுது துப்புரவு செய்யப்பட்டது என்பவற்றை அதில் எழுதிவர வேண்டும். பள்ளிச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடிட்டுக் காட்டினால், புதிதாக வீடு கட்டுவோர் அதற்கு மேல் அடித்தளம் போடுவர். மதிப்பெண் இட ஒருநாள் எவரேனும் வந்தால், எழுதிவைத்த ஊருக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். சொல்லுக்கு எவரும் தள்ளுபடி தரமாட்டார்கள்.

மூன்றாவதாக, ஏரி உள்வாயிலும் நீர்ப்போக்கிலும் மனை வாங்குவதில்லை, விற்பதில்லை என்னும் உறுதி வேண்டும். இது கசப்பான பேச்சு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே வாங்கியவர் நம் பங்கிலும் உண்டு. அவ்விடத்தில் எழும் ஒரு சுவர், மேலே இருக்கும் பத்து வீட்டின் வாசலில் தண்ணீரை நிறுத்துகிறது.

நான்காவதாக, பக்கத்து ஊராரோடு பேச வேண்டும். ஏரிகள் சங்கிலியாய் இருக்கும்போது ஒரு கண்ணியை மட்டும் பலப்படுத்திப் பயனில்லை. கலங்கல் வழியத் தொடங்கியதும் கீழூருக்குத் தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் போதும்.

ஐந்தாவதாக, இவ்வேட்டின் பிரதியுடன் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் சேர்ந்து, காப்பீட்டு நிறுவனங்களையும் ஒழுங்குமுறை ஆணையத்தையும் முறைப்படி கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் விண்ணப்பம். நூறு ஊர் கேட்டால் அது கொள்கை விவாதம்.

காப்பீடே இல்லாதவர்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நம் மனச்சான்று நம்மை விடாது. கட்டணம் குறைவதெல்லாம் கட்டணம் செலுத்துவோர்க்கே. கூரை வீட்டுக்காரருக்கும் அன்றாடக் கூலிக்காரருக்கும் காப்பீடு எட்டாக் கனி. நம் ஊர்களின் அமைப்பைப் பாருங்கள்: மேட்டு மனைகள் வசதியுள்ளோரிடமும், தண்ணீர் முதலில் புகும் தாழ்ந்த மனைகள் எளியோரிடமும் இருப்பதே வழக்கம். அவர்களுக்கு எந்த நிறுவனமும் இழப்பீடு தராது. தூர்வாரிய கால்வாய் ஒன்றே அவர்களுக்குக் காப்பீடு. ஆதலால் வேலையைத் தாழ்ந்த தெருவிலிருந்து தொடங்கும் ஊரே நீதியுள்ள ஊர். மணல்மேல் கட்டிய வீட்டின் உவமையை நாம் ஞாயிறுதோறும் பிறருக்குச் சொல்லலாம். போக வேறிடம் இல்லாமல் தாழ்விடத்தில் குடிசை போட்டவனிடம் அதைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அவனுக்குப் பாறையாக வேண்டியது அவன் ஊர்.

விவேகம் என்னும் புண்ணியத்தைக் குருமடத்தில் நமக்குக் கற்பித்தபோது, வருமுன் காண்பது அதன் ஓர் உறுப்பு என்றார்கள். காப்பீடு வந்தபின் துணை செய்வது. கரையைக் காப்பது வருமுன் செய்வது. இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடலாகாது.

மறு வாரம் அவ்வன்பர் வந்தபோது இவற்றைச் சொன்னோம். “முதலில் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், கோபத்தில் விட்டுவிடாதீர்கள்” என்றும் சொன்னோம். சிரித்தார். “அப்படியானால் அக்டோபர் இரண்டாந்தேதிக்குள் நோட்டு ஒன்று வாங்கிவிடுகிறேன், சாமி” என்றார்.

வாங்கியும் விட்டார். அவர் கடையிலேயே விற்கும் நாற்பது பக்க நோட்டுதான். முதல் பக்கத்தில் தம் தெருவின் பெயரையும், முள் வெட்டிய நாளையும், அன்று வந்திருந்தவர்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். முப்பத்தொன்பது பக்கங்கள் மீதி இருக்கின்றன.